கொடியைச் சாய்க்கும், பூச்சியில் ஏறாது: பியர்ஸ் நோயில் ஒரு மரபணுவின் நிகழ்வு ஆய்வு

திராட்சைக் கொடிகளைக் காய்ந்து சாகவைக்கும் பாக்டீரியா ஒன்றில் ஒரே ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2004ஆம் ஆண்டில் விடை வெளியானது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்டீவன் லிண்டோவின் ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வு அது. கேரின் நியூமன், ரோட்ரிகோ அல்மெய்டா, அலெக்சாண்டர் பர்செல் ஆகியோர் அதில் அவருடன் இருந்தார்கள். பாக்டீரியாவின் பெயர் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா. செயலிழக்கச் செய்யப்பட்ட மரபணு ஆர்பிஎஃப்-எஃப். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஒரு வேதிச் சமிக்ஞையைத் தயாரிக்கும் நொதிக்கு உரிய மரபணு அது.

முட்டைக்கோசில் கருப்பழுகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா சைலெல்லாவுக்கு நெருங்கிய உறவு. ஆர்பிஎஃப்-எஃப் அடங்கிய ஆர்பிஎஃப் மரபணுக் குழு முதலில் அறியப்பட்டதே அதில்தான். அங்கே இந்த மரபணுவை எடுத்துவிட்டால் நோய் தணிந்துவிடும். சமிக்ஞை இல்லாவிட்டால் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளும் வெளிப்பூச்சுச் சர்க்கரையும் குறையும், தாக்குதல் வலுவிழக்கும். ஆகவே சைலெல்லாவிலும் அப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு.

நடந்தது நேர்மாறு. சமிக்ஞையை இழந்த பாக்டீரியா கொடியில் மேலும் கடுமையான நோயை உண்டாக்கியது. ஆனால் அதே பாக்டீரியாவால் தன்னைக் கொடியிலிருந்து கொடிக்குச் சுமந்து செல்லும் தத்துப்பூச்சியின் உடலில் தங்க முடியவில்லை. நோயுற்ற கொடியைக் குடித்த பூச்சி அதை வேறு கொடிக்குக் கடத்தவில்லை. தாவரத்தில் மிஞ்சிய வீரியம், பூச்சியில் முழுத் தோல்வி. இந்த முரண்தான் இந்த ஆய்வின் பொருள். தாவர நோயியலில் நோய்க்கிருமியின் வீரியத்தை நாம் புரிந்துகொண்ட விதத்தையே இது மாற்றியது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன்.

நோயின் பின்னணி

தெற்குக் கலிபோர்னியாவின் அனஹெய்ம், ஜெர்மானியக் குடியேறிகள் 1857இல் திராட்சைக்காகவே உருவாக்கிய ஊர். 1880களின் நடுவில் அங்கே கொடிகள் காரணம் தெரியாமல் காயத் தொடங்கின. இலையின் விளிம்பு தீய்ந்தது, காய்கள் கொடியிலேயே வற்றின, ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மொட்டையாயின. ஒயின் தொழில் அந்த வட்டாரத்தைவிட்டே போய்விட்டது. அமெரிக்க வேளாண் துறை அனுப்பிய நியூட்டன் பியர்ஸ் நோயைக் கவனமாக விவரித்து 1892இல் அறிக்கை வெளியிட்டார். காரணியை அவரால் பிடிக்க முடியவில்லை. நோய்க்கு மட்டும் அவர் பெயர் நிலைத்தது.

அதன்பின் நெடுங்காலம் இதை வைரஸ் நோய் என்றே கருதினார்கள். ஒட்டுக்கட்டினால் பரவியது, 1940களில் தத்துப்பூச்சிகள் பரப்புவதும் உறுதியானது, காரணியை மட்டும் எந்த ஊடகத்திலும் வளர்க்க முடியவில்லை. வைரஸ் என்று எண்ணுவதற்கு இவை போதுமான காரணங்கள்தான். 1971இல் டெட்ராசைக்ளின் கொடுத்தபோது அறிகுறிகள் அடங்கியதால் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. வைரசை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. 1973இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக நோயுற்ற கொடியின் நீர்க்குழாய்களுக்குள் பாக்டீரியாக்கள் தெரிந்தன. 1978இல் அவற்றைத் தனியே வளர்த்து, மீண்டும் கொடியில் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். 1987இல்தான் முறையான பெயர் கிடைத்தது. வளர்ப்புத்தட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் பாக்டீரியா இது. இதன் மரபணு ஆய்வு பிந்தித் தொடங்கியதற்கு இந்த மந்தமான வளர்ச்சியும் ஒரு காரணம்.

மரபணு வரிசை மட்டும் விரைவாகவே வந்தது. 2000ஆம் ஆண்டில் பிரேசில் அறிவியலாளர்களின் கூட்டமைப்பு, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் சைலெல்லா வகையின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டது. தாவர நோயுண்டாக்கும் பாக்டீரியாக்களில் முழுதாகப் படிக்கப்பட்ட முதல் மரபணுத் தொகுதி அதுவே. 2003இல் திராட்சையைத் தாக்கும் வகையும் படிக்கப்பட்டது. அந்த வகைக்கு டெமெக்குலா-1 என்று பெயர். தெற்குக் கலிபோர்னியாவின் டெமெக்குலா பள்ளத்தாக்கில் 1990களின் இறுதியில் திராட்சைத் தோட்டங்கள் சரிந்தன. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய கண்ணாடிச் சிறகு ஷார்ப்ஷூட்டர் என்ற பெரிய தத்துப்பூச்சி அந்தப் பரவலுக்குக் காரணம். கலிபோர்னியாவில் ஏற்கெனவே இருந்த பூச்சிகளைவிட அது வெகுதூரம் பறக்கும். தடித்த, முதிர்ந்த தண்டிலும் வாய் ஊசியைச் செலுத்தும். இந்த நோய்க்கு அரசு நிதியும் ஆய்வாளர் கவனமும் குவிந்தது அதற்குப் பிறகுதான்.

திராட்சை வகையின் மரபணுத் தொகுதி சுமார் 25 லட்சம் கார இணைகள் கொண்டது. தாவர நோய்க்கிருமிகளின் அளவில் இது சிறியது. அளவைவிட என்னைக் கவர்ந்தது அதில் இல்லாமல் போன ஒன்று. தாவரங்களைத் தாக்கும் பாக்டீரியாக்கள் பல, ஓம்புயிரின், அதாவது தாங்கள் குடியேறும் தாவரத்தின், செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தி அதன் எதிர்ப்பை முடக்குவதற்கு ‘மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு’ என்ற கருவியை வைத்திருக்கின்றன. சைலெல்லாவில் அது கிடையாது. யோசித்தால் பொருத்தமாகவே இருக்கிறது. இது வாழும் சைலம் எனப்படும் நீர்க்குழாய்கள் உயிரற்ற செல்களால் ஆனவை. புரதத்தைச் செலுத்த அங்கே உயிருள்ள செல் இல்லை.

குழாய்க்குள் வாழ்க்கை

வேரிலிருந்து இலைக்கு நீரேற்றும் சைலத்தில் சத்து மிகக் குறைவு. அதில் ஓடுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். கொஞ்சம் அமினோ அமிலமும் தாதுக்களும் கரைந்திருக்கும். நோய்க்கிருமிகள் பொதுவாக நாடாத இடம். போட்டியற்ற அந்த இடத்தைச் சைலெல்லா தனக்கென்று எடுத்துக்கொண்டது. சிக்கல் ஒன்றுதான்: ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குப் போக வேண்டும். குழாய்களுக்கு இடையே குழிகள் உண்டு. அவற்றை மூடியிருக்கும் குழிச் சவ்வு வழியாக நீர் போகும், பாக்டீரியா போகாது. சவ்வின் துளைகள் ஏறத்தாழ 5 முதல் 20 நானோமீட்டர். பாக்டீரியாவின் குறுக்களவு குறைந்தது 250 நானோமீட்டர். நுழைய வழியே இல்லை; அறுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அறுக்கும் கருவிகள் இரண்டு. பெக்டினைச் சிதைக்கும் பாலிகேலக்டுரோனேஸ் ஒன்று, செல்லுலோஸ் வகைச் சர்க்கரைகளை வெட்டும் குளுக்கனேஸ் மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே சவ்வைத் திறக்கின்றன. 2007இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் குழு பாலிகேலக்டுரோனேஸ் மரபணுவான பிஜிஎல்-ஏ-வைச் சிதைத்துப் பார்த்தது. அந்தப் பாக்டீரியா செலுத்திய இடத்தைவிட்டு நகர இயலாமல் நின்றது, நோயும் உண்டாகவில்லை. சைலெல்லாவில் இத்தகைய நொதிக்கு உரிய மரபணு இது ஒன்றுதான். ஒற்றை மரபணுவில் நோய் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

நகர்வதற்கு வேறொரு கருவி உண்டு. செல்லின் ஒரு முனையில் நீளமான நான்காம் வகை நுண்மயிர்கள் இருக்கின்றன. அவற்றை நீட்டி, பரப்பில் பற்றி, உள்ளே இழுத்துக்கொண்டு பாக்டீரியா ஊர்கிறது. நீர் கீழிருந்து வேகமாக வந்தாலும் எதிர்த்து ஊரும். நிமிடத்துக்கு 5 மைக்ரோமீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். பூச்சி கிளையின் நுனியில் கடித்திருந்தாலும் நோய் அடித்தண்டை நோக்கி இறங்குவதற்கு இதுவே வழி. அதே முனையில் குட்டையான முதலாம் வகை நுண்மயிர்களும் இருக்கின்றன. அவற்றின் வேலை பிடித்துக்கொண்டு நிற்பது. இவை தவிர, ஒட்டுப்புரதங்கள் எனப்படும் பெரிய மேற்பரப்புப் புரதங்களும் ஒட்டுவதற்கென்றே உண்டு.

ஆக, இந்தப் பாக்டீரியாவிடம் இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. அறுத்து ஊர்வதற்கு ஒரு தொகுப்பு, ஒட்டி நிற்பதற்கு ஒரு தொகுப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் வைத்துக்கொள்ள முடியாது. எப்போது எதை எடுப்பது என்று தீர்மானிப்பதே மரபணு ஒழுங்குமுறையின் வேலை.

சமிக்ஞை என்ன சொல்கிறது

ஆர்பிஎஃப்-எஃப் மரபணுவின் நொதி உண்டாக்கும் பொருளுக்கு டி.எஸ்.எஃப். (பரவும் சமிக்ஞைக் காரணி) என்று சுருக்கப் பெயர். ஒரு கொழுப்பு அமிலம்தான் அது. சாந்தோமோனாசில் அதன் அமைப்பு 2004இல் தெளிவானது: கிளைவிட்ட, 12 கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புள்ள அமிலம். சைலெல்லாவின் சமிக்ஞை இதிலிருந்து வேறுபட்டது. 14 கார்பன் கொண்ட, கிளையில்லாத டெட்ராடெசெனோயிக் அமிலம் என்று 2013இல் உறுதியாயிற்று. பின்னர் 16 கார்பன் கொண்ட இன்னொன்றும் தெரியவந்தது. உறவுக்காரப் பாக்டீரியாக்கள் ஒரே குடும்பத்து வேதிப்பொருட்களைச் சிறு மாற்றங்களோடு பயன்படுத்துகின்றன.

பாக்டீரியாக்கள் சிலவே இருக்கும்போது சமிக்ஞை நீரில் கரைந்து போய்விடும். பெருகி நெருங்கும்போது அது அவற்றைச் சுற்றித் தேங்கும். அந்தச் செறிவை உணர்ந்து பாக்டீரியா தன் மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுகிறது. சைலெல்லாவில் நடக்கும் மாற்றம் இதுதான்: சமிக்ஞை கூடினால் ஒட்டுப்புரதங்கள் கூடும், அறுக்கும் நொதியும் ஊரும் ஆற்றலும் குறையும். சமிக்ஞை இல்லாவிட்டால் இது தலைகீழாகும். சாந்தோமோனாசில் சமிக்ஞை ‘தாக்கு’ என்கிறது. சைலெல்லாவில் அது ‘நில்’ என்கிறது. ஒரே மரபணுக் குழு, ஒரே குடும்பத்து அமிலம், பொருள் மட்டும் எதிரெதிர். பரிணாமம் பழைய கம்பியை வைத்துக்கொண்டு விளக்கை மாற்றியிருக்கிறது.

இப்போது 2004ஆம் ஆண்டு முடிவு விளங்குகிறது. ஆர்பிஎஃப்-எஃப் இல்லாத பாக்டீரியாவுக்கு நிற்கச் சொல்லும் குரல் கேட்பதே இல்லை. எவ்வளவு பெருகினாலும் தான் தனியாக இருப்பதாகவே நடந்துகொள்கிறது. சவ்வுகளை அறுத்துக்கொண்டு ஒரு குழாயிலிருந்து மறுகுழாய்க்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 2008இல் சுபதீப் சாட்டர்ஜியும் லிண்டோ குழுவினரும் இதைக் கொடிக்குள்ளேயே பார்த்து உறுதி செய்தார்கள். சமிக்ஞையற்ற பாக்டீரியா இயல்பானதைவிட அதிகக் குழாய்களில், அதிகத் தொலைவுக்குப் பரவியிருந்தது.

கொடி சாவதில் கொடிக்கும் பங்கு உண்டு. குழாய்க்குள் ஊடுருவல் நடப்பதை உணரும் கொடி, அருகிலுள்ள உயிர்ச்செல்களைக் குமிழ்போல் குழாய்க்குள் வளரவிட்டு அதை அடைக்கிறது. டைலோஸ் எனப்படும் இந்த அடைப்பு பாக்டீரியாவைச் சிறைப்படுத்துவதற்கான தற்காப்பு. நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகங்களில் இது கட்டுமீறிப் போகிறது. 2013இல் வெளியான ஆய்வில் அத்தகைய கொடிகளின் தண்டில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குழாய்கள் டைலோசால் அடைபட்டிருந்தன. எதிர்ப்புள்ள ரகங்களில் அடைப்பு பாக்டீரியாவைச் செலுத்திய இடத்தை ஒட்டியே நின்றுவிட்டது. பாக்டீரியாவே நிறைந்து அடைத்த குழாய்கள் ஒப்பீட்டளவில் மிகச் சில. பாக்டீரியா எத்தனை குழாய்களைத் தொட்டது என்பதே கொடியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அறிகுறி காட்டும் இலைக்காம்பில், அறிகுறியில்லாத காம்பைவிடப் பாக்டீரியா புகுந்த குழாய்கள் ஐந்து மடங்கு இருந்ததாக 2003இல் வந்த முந்தைய ஆய்வும் காட்டியது.

பூச்சியின் தொண்டையில்

இந்த நிகழ்வைத் தாவரத்தை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ளவே முடியாது. நிற்கச் சொல்லும் சமிக்ஞையைப் பாக்டீரியா ஏன் இத்தனை காலம் பேணி வந்திருக்கிறது? கட்டின்றிப் பரவினால் அதற்குத்தானே லாபம்? விடை ஷார்ப்ஷூட்டரின் முன்குடலில் இருக்கிறது.

சைலச்சாறு சத்தற்றது, ஆகவே அதை உண்டு வாழும் பூச்சி ஏராளமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. தலைக்குள் இருக்கும் உறிஞ்சு அறையின் வழியாகச் சாறு விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒரு பாக்டீரியாவின் அளவோடு ஒப்பிட்டால் அது வெள்ளம். ஒட்டத் தெரியாத செல் அடித்துக்கொண்டு போய்விடும். ஒட்டத் தெரிந்தது அங்கே நிலைகொண்டு, பெருகி, உயிர்ப்படலமாகப் படர்கிறது. பூச்சி அடுத்த கொடியைக் குத்தும்போது சில செல்கள் கழன்று உள்ளே போகின்றன. பாக்டீரியா பூச்சியின் உடலுக்குள் சுற்றி வருவதில்லை, முட்டைக்கும் போவதில்லை. அது குடியிருப்பது முன்குடலின் உட்தோலில் மட்டுமே என்பதற்கு அழகான சான்று உண்டு: இளம்பூச்சி தோலுரிக்கும்போது அந்த உட்தோலும் உரிந்துவிடுகிறது, கடத்தும் திறனும் கூடவே போய்விடுகிறது. முதிர்ந்த பூச்சி தோலுரிப்பதில்லை. ஆகவே அது ஆயுள் முழுவதும் நோயைக் கடத்துகிறது.

இங்கிருந்து பார்த்தால் சமிக்ஞை பாக்டீரியாவுக்குத் தடையாகத் தோன்றாது. குழாய்களில் போதிய அளவு பெருகியதும் ஒட்டும் நிலைக்கு மாறிக்கொள்வது, அடுத்துப் பூச்சி வந்து உறிஞ்சினால் அதில் தங்குவதற்கான ஆயத்தம். தனிச் செல்களாக ஊரும் நிலையில் பரவி, கூட்டமானதும் பயணத்துக்குத் தயாராகிறது.

இந்த மாற்றத்துக்குச் சமிக்ஞை மட்டுமே காரணமல்ல. நபில் கில்லினியும் அல்மெய்டாவும் 2009இல் காட்டியது எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் ஒன்று. வளர்ப்பு ஊடகத்தில் பெக்டின் போன்ற தாவரச் சர்க்கரைகள் இருந்தால்தான் பாக்டீரியா பூச்சியில் ஒட்டும் நிலைக்கு வந்தது. அப்போதுதான் பூச்சியால் கடத்தவும் பட்டது. செல்சுவரை அறுத்து எடுத்த துண்டுகளே ‘நீ தாவரத்துக்குள் இருக்கிறாய், வண்டி வரும்’ என்று அதற்குச் சொல்கின்றன.

இன்னொரு மரபணு, இன்னொரு திருப்பம்

சமிக்ஞையை உணரும் புரதம் ஆர்பிஎஃப்-சி. அது செல்லின் சவ்வில் இருந்துகொண்டு வெளியே உள்ள டி.எஸ்.எஃப். அளவை அறிந்து உள்ளே செய்தி சொல்கிறது. சமிக்ஞை அளவுக்கு மீறித் தயாராகாமல் ஆர்பிஎஃப்-எஃப் நொதியைப் பிடித்து நிறுத்துவதும் அதன் வேலை. 2008இல் இதைச் செயலிழக்கச் செய்தபோது பாக்டீரியா சமிக்ஞையை அளவின்றிச் சுரந்தது. அதன் விளைவு எதிர்ப்பக்கத்து மிகை: கொடியில் நகரவில்லை, வீரியம் சரிந்தது, எங்கும் ஒட்டிக்கொண்டது. அப்படியென்றால் பூச்சியில் அது சிறப்பாக இயங்கியிருக்க வேண்டும் அல்லவா? பூச்சியின் முன்குடலில் நன்றாகவே தங்கியது. ஆனால் அங்கிருந்து கொடிக்குப் போகவில்லை. அளவுக்கு மீறி ஒட்டியதால் கழன்று வரவே முடியவில்லை என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த இரண்டு திரிபுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் முழு உருவமும் தெரிகிறது. ஒட்டாத பாக்டீரியா கொடியைக் கொல்லும், பூச்சியில் ஏறாது. மிகையாக ஒட்டும் பாக்டீரியா பூச்சியில் ஏறும், இறங்காது, கொடிக்குள்ளும் பரவாது. இயற்கையில் நிலைத்திருப்பது இரண்டுக்கும் இடையிலுள்ள, தன்னை மாற்றிக்கொள்ளத் தெரிந்த வகை.

2013இல் வந்த ஒரு முடிவு இந்தப் படத்தை மேலும் சிக்கலாக்கியது. ஆர்பிஎஃப்-எஃப் இல்லாத பாக்டீரியாவுக்கு வெளியிலிருந்து டி.எஸ்.எஃப். கொடுத்தால் அது இயல்புக்குத் திரும்ப வேண்டும் என்பது எளிய கணக்கு. திரும்பவில்லை. ஆர்பிஎஃப்-எஃப் புரதம் சமிக்ஞையைத் தயாரிப்பதோடு, அதற்குச் செவிசாய்க்கவும் தேவைப்படுகிறது. வாயும் காதும் ஒரே புரதத்தில் சேர்ந்திருக்கின்றன. நடைமுறைக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒட்டுப்புரதங்களுக்கும் இதே போன்ற வரலாறுதான். எச்எக்ஸ்எஃப்-ஏ, எச்எக்ஸ்எஃப்-பி என்ற இரண்டு பெரிய ஒட்டுப்புரதங்களின் மரபணுக்களைச் சிதைத்தபோது கொடிகள் இயல்பைவிட விரைவில் நோயுற்றன. 2005இல் இதைக் கண்ட மாகலி கில்ஹாபெர்ட்டும் புரூஸ் கிர்க்பாட்ரிக்கும் அவற்றை ‘வீரிய எதிர்ப்பு மரபணுக்கள்’ என்றே வகைப்படுத்தினார்கள். நோய்க்கிருமி ஒன்று தன் வீரியத்தைக் குறைப்பதற்கான மரபணுக்களைத் தானே சுமக்கிறது. பரவலான ஒரு நம்பிக்கையை இது அசைக்கிறது: நோய்க்கிருமியின் குறிக்கோள் நோய் உண்டாக்குவது என்ற நம்பிக்கை. சைலெல்லா இனம் 600க்கும் மேற்பட்ட தாவரச் சிற்றினங்களில் காணப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. அமைதியாகக் குடியிருப்பதே அதன் வழக்கம். ஐரோப்பிய ஒயின் திராட்சை இந்தப் பாக்டீரியாவோடு சேர்ந்து பரிணமித்த தாவரம் அல்ல. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நட்டபோதுதான் இரண்டும் சந்தித்தன. கட்டுப்பாட்டு அமைப்பு சற்றே பிசகும் ஓம்புயிரில் விளையும் அழிவைத்தான் நாம் பியர்ஸ் நோய் என்கிறோம் என்பது என் வாசிப்பு.

குமிழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014இல் மைக்கேல் ஐயோனெஸ்குவும் லிண்டோ குழுவினரும் கண்டது: சைலெல்லா தன் வெளிச்சவ்விலிருந்து நுண்ணிய குமிழ்களை ஏராளமாக உதிர்க்கிறது. அவை குழாய்ச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, பாக்டீரியா ஒட்டக்கூடிய இடங்களை நிரப்பிவிடுகின்றன. இடம் கிடைக்காத பாக்டீரியா நீரோடு நகர்கிறது. சமிக்ஞை இருந்தால் குமிழ் உதிர்வு அடங்குகிறது. ஆர்பிஎஃப்-எஃப் இல்லாவிட்டால் பெருகுகிறது. ஒட்டாமல் இருப்பதற்குக்கூட இந்தப் பாக்டீரியா தனி ஏற்பாடு வைத்திருக்கிறது.

மேலும் சில ஒழுங்குமுறைப் புரதங்கள் உண்டு. ஃபோ-பி, ஃபோ-க்யூ என்ற இணை இல்லாவிட்டால் பாக்டீரியாவால் கொடிக்குள் குடியேற முடிவதில்லை. இரண்டாம் வகைச் சுரப்பின் வழியே வெளியேறும் லெஸ்-ஏ என்ற கொழுப்புச் சிதைப்பு நொதி இலைத் தீய்ச்சலில் பெரும் பங்கு வகிக்கிறது என்று 2016இல் தெரிந்தது. இவை முக்கியமானவைதான். ஆனால் நோயின் போக்கைத் திருப்பும் நெம்புகோல் டி.எஸ்.எஃப். என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் அதைக் கொடியின் கையிலேயே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

சமிக்ஞையைக் கொடிக்குக் கொடுத்தல்

சமிக்ஞை இருந்தால் பாக்டீரியா நிற்கும் என்றால், கொடியே அந்தச் சமிக்ஞையைத் தயாரித்தால் என்ன? லிண்டோ குழு சைலெல்லாவின் ஆர்பிஎஃப்-எஃப் மரபணுவை ‘ஃப்ரீடம்’ என்ற திராட்சை வேர்ச்செடி ரகத்தில் (மேலே வேறு ரகத்தை ஒட்டுவதற்கான அடிச்செடி) புகுத்தியது. 2014இல் வெளியான முடிவுகள் இவை. கொடியின் சைலச்சாற்றில் டி.எஸ்.எஃப். இருந்தது, சைலெல்லாவின் 14 கார்பன் அமிலத்தோடு சாந்தோமோனாசின் 12 கார்பன் அமிலமும் சேர்ந்தே தென்பட்டது. பாக்டீரியாவைச் செலுத்தியபோது அறிகுறிகள் செலுத்திய இடத்துக்கு அருகிலேயே நின்றன. நோய் தாக்கிய அளவு, மரபணு சேர்க்காத கொடியைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு குறைவு. குழாய்ச்சுவரில் ஒட்டிய பாக்டீரியாக்களின் விகிதம் கூடியிருந்தது. வயல் சோதனையிலும், ஷார்ப்ஷூட்டர்கள் இயற்கையாகவே நோயைக் கொண்டுவந்த இடத்திலும்கூட, தாக்கம் இரண்டு முதல் நான்கு மடங்கு குறைந்தது.

இந்த அணுகுமுறைக்கு ‘நோய்க்கிருமியைக் குழப்புதல்’ என்று பெயர் வைத்தார்கள். சிலவே இருக்கும் பாக்டீரியா, தான் பெருங்கூட்டத்தில் இருப்பதாக நம்பிவிடுகிறது; வேலை தொடங்கும் முன்பே நின்றுவிடுகிறது. பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் சொந்த ஒழுங்குமுறையாலேயே அதை அடக்கும் இந்த வழியை நான் மனமார வரவேற்கிறேன். ஆண்டுக்கணக்கில் நிற்கும் கொடியின் குழாய்களுக்குள் மருந்தைத் தொடர்ந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிதல்ல. பூச்சிக்கொல்லியை ஆண்டுதோறும் தெளிப்பது தோட்டத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் சுமை.

மரபுவழி இனப்பெருக்கமும் தன் வழியில் வென்றிருக்கிறது. டேவிஸ் வளாகத்தின் ஆண்ட்ரூ வாக்கர், விடிஸ் அரிசோனிகா என்ற காட்டுத் திராட்சையிலிருந்து பிடிஆர்-1 என்ற, நோயெதிர்ப்பைத் தரும் மரபணுப் பகுதியை ஒயின் திராட்சைக்கு மாற்றி, மீண்டும் மீண்டும் ஒயின் ரகங்களோடு கலந்தார். அந்த வழியில் உருவான ஐந்து ரகங்கள் 2019இல் வெளியாயின. மூன்று சிவப்பு, இரண்டு வெள்ளை. ஆனால் ஒயின் சந்தை ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்கும் சந்தை. கேபர்னே சாவிஞானை நட்டவர் கேபர்னே சாவிஞானையே விற்க விரும்புவார். வேர்ச்செடி வழியாகச் சமிக்ஞையை மேலே அனுப்ப முடிந்தால், மேலே ஒட்டும் ரகம் எதுவாகவும் இருக்கலாம். பயன் அங்கேதான். வேரில் உண்டாகும் சமிக்ஞை ஒட்டுக்கு மேலே போதிய அளவு ஏறிச்செல்ல வேண்டும் என்பதுதான் அதிலுள்ள கடினமான நிபந்தனை. கொழுப்பு அமிலம் நீரில் எளிதில் கரையும் பொருளல்ல.

எதிர்ப்புள்ள எந்தக் கொடியைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாக்டீரியா இதை எப்படித் தாண்டும்? மேலே சொன்ன 2013ஆம் ஆண்டு முடிவு இங்கேதான் பயன்படுகிறது. கொடி தரும் சமிக்ஞைக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டுமென்றால் பாக்டீரியாவுக்கு இருக்கும் நேரான வழி ஆர்பிஎஃப்-எஃப்-ஐ இழப்பதே. வாயும் காதும் ஒன்று என்பதால் அந்த இழப்பு இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும். அப்படி இழந்த திரிபு அந்த ஒரு கொடியை விரைவில் கொல்லலாம். ஆனால் 2004இல் கண்டபடி, எந்த ஷார்ப்ஷூட்டரும் அதை அடுத்த கொடிக்கு எடுத்துச் செல்லாது. ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் பாக்டீரியா தோட்டம் முழுவதும் பரவுவதைப் போல இது பரவ வழியில்லை. இது என் அனுமானம். மரபணு ஒழுங்குமுறையைப் பற்றி மேலே சொன்ன சான்றுகளிலிருந்து எடுத்தது. சோதித்துப் பார்ப்பதும் கடினமல்ல. டி.எஸ்.எஃப். சுரக்கும் கொடிகள் நீண்ட காலம் நிற்கும் வயல்களில், நோய் முற்றிய கொடிகளிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ஆர்பிஎஃப்-எஃப், ஆர்பிஎஃப்-சி மரபணுக்களின் வரிசையைப் படிக்க வேண்டும். அதே பாக்டீரியாவை ஷார்ப்ஷூட்டர்களுக்குக் கொடுத்து அது முன்குடலில் தங்குகிறதா, நல்ல கொடிக்குப் போய்ச் சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சமிக்ஞைக்கு அடங்காமல், பூச்சியிலும் பயணிக்கும் ஒரு திரிபு அங்கே கிடைத்தால் என் கணக்கு தவறு. வேர்ச்செடியை மட்டும் நம்பாமல் பிடிஆர்-1 போன்ற எதிர்ப்பையும் அதே கொடியில் சேர்த்துத்தான் நட வேண்டியிருக்கும்.